பிளே தெரபி: குழந்தையை அனுப்புவதா, பெற்றோரே கற்றுக்கொள்வதா?

பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. "பையன் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளை அடிக்கிறான், கடிக்கிறான்" என்கிறார் டீச்சர். இல்லையென்றால் நேர்மாறாக, "யாரோடும் சேர்வதே இல்லை, பேசச் சொன்னால் அழுகிறாள்" என்கிறார். கூடவே ஒரு யோசனையும் சொல்கிறார்: "பிளே தெரபி கொடுத்துப் பாருங்களேன்."

வீட்டுக்கு வந்து தேடினால் தலை சுற்றும். ஓர் இடத்தில் குழந்தையை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். இன்னோர் இடத்தில் அப்பா அம்மாவுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். வேறோர் இடத்தில் நான்கு பிள்ளைகளை ஒன்றாக விளையாட விடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றுதான். எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. பேச்சு வயதுக்கேற்ப வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் பிளே தெரபி முதல் படி அல்ல. காது கேட்கும் திறனையும் வளர்ச்சியையும் முதலில் பரிசோதிக்க வேண்டும். மாவட்டங்களில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இதற்காகவே இருக்கின்றன, அரசு செலவில். இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஆறு மாதம் பொம்மை அறையில் செலவழித்தால், திரும்பக் கிடைக்காத ஆறு மாதம் போய்விடும்.

சரி, பிளே தெரபி என்பது என்ன? பெரியவர்கள் மனக்கஷ்டத்தைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு "தம்பி பிறந்த பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை" என்று கோத்துச் சொல்லத் தெரியாது. ஆனால் பாப்பா பொம்மையைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போடத் தெரியும். அந்தச் செயலைப் பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லப் பழகியவர்தான் பிளே தெரபிஸ்ட். 1920களில் மெலனி கிளைன் குழந்தைகளின் விளையாட்டை மனப்பகுப்பாய்வுக்கு, அதாவது ஆழ்மனத்தில் இருப்பதை அறியப் பயன்படுத்தினார். லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் மணல் தட்டும் சிறு பொம்மைகளும் வைத்துக் குழந்தைகளைத் தங்கள் உலகத்தைக் கட்டச் சொன்னார். இன்று நாம் அதிகம் காணும் முறைக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்காவின் வர்ஜீனியா ஆக்ஸ்லைன். சிகிச்சைக்கு வருபவரையே மையமாக வைக்கும் முறையை உருவாக்கிய உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழிவந்த அவர், 1947-இல் எட்டு கோட்பாடுகளை வகுத்தார். குழந்தையை அது இருக்கிறபடியே ஏற்றுக்கொள், அதன் உணர்வைக் கண்டுகொண்டு திருப்பிச் சொல், குழந்தை முன்னே போகட்டும் நீ பின்னே போ, அவசரப்படுத்தாதே, தேவைப்படும் வரம்புகளை மட்டும் வை என்பவை அவற்றின் சாரம்.

இதுதான் முதல் வழி: குழந்தை வழிநடத்தும் தனி அமர்வு. வாரம் ஒருமுறை, 45 நிமிடம் அளவில். அறையில் பொம்மைக் குடும்பம், சொப்பு சாமான், டாக்டர் செட், முதலை, ரப்பர் கத்தி, களிமண், மணல், கலர் எல்லாம் இருக்கும். எதை எடுப்பது என்று குழந்தைதான் முடிவு செய்யும். தெரபிஸ்ட் கற்றுக்கொடுக்க மாட்டார், திருத்த மாட்டார், பாராட்டக்கூட யோசிப்பார். "முதலை எல்லாரையும் கடிச்சிட்டே இருக்கு. யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு இருக்கு அதுக்கு" என்பது போல, நடப்பதையும் அதற்கு அடியில் இருப்பதையும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு எரிச்சல் வரும். "காசு வாங்கிக்கொண்டு சும்மா விளையாட விடுகிறார்கள்" என்று தோன்றும். ஆனால் அங்கே நடப்பது சும்மா அல்ல. உணர்வுக்குப் பெயர் கிடைக்கிறது. கோபம் வந்தாலும் தன்னை ஒதுக்காத ஒரு பெரியவர் கிடைக்கிறார். முடிவெடுத்து, அதன் பலனைத் தானே பார்க்கும் பழக்கம் கிடைக்கிறது. வாய்ப்பேச்சுக்கு மசியாத குழந்தைக்கு, வீட்டில் ஏதோ நடந்து உள்ளுக்குள் இறுகிப்போன குழந்தைக்கு, இந்த வழி மிகவும் பொருந்தும். பிரிவு, மரணம், பெற்றோர் சண்டை, நீண்ட மருத்துவமனை வாசம் போன்றவை பின்னணியில் இருந்தால் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

குறை என்ன? காலம். சில வாரங்களில் முடிகிற வேலை அல்ல. பெரிய நகரங்களுக்கு வெளியே நல்ல பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பது அரிது. அதைவிட முக்கியமான குறை, வாரத்தில் 45 நிமிடம் ஒரு அந்நியரிடம் மலர்ந்த குழந்தை, மீதி நேரம் முழுவதும் மாறாத வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறது. நல்ல தெரபிஸ்ட்கள் இதை அறிந்தவர்கள், சில வாரங்களுக்கு ஒருமுறை பெற்றோரைத் தனியாகச் சந்திப்பார்கள். அந்தச் சந்திப்பு இல்லாத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது வழி, தெரபிஸ்ட் வழிநடத்துவது. இலக்கு முன்கூட்டியே தெரியும்: நாயைக் கண்டால் பயம், ஊசி என்றால் அலறல், அம்மாவை விட்டுப் பள்ளிக்குப் போக மறுப்பு. சூசன் நெல் என்ற உளவியலாளர், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிந்தனை-நடத்தை சிகிச்சையைச் சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றபடி கைப்பாவைகளோடு இணைத்தார். கரடிப் பொம்மைக்கும் பள்ளிக்குப் போகப் பயம். அது முதல் நாள் வாசல் வரை, அடுத்த நாள் வகுப்பறை வரை போகிறது. பயம் வந்தால் மெதுவாக மூச்சு விட்டு, "அம்மா நாலு மணிக்கு வந்துடுவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. குழந்தை அந்தக் கரடிக்குச் சொல்லிக்கொடுத்துத் தானும் கற்றுக்கொள்கிறது. பிரச்சினை குறிப்பிட்டதாக இருந்தால் இந்த வழி வேகமானது. ஏன் அழுகிறது என்றே தெரியாத குழந்தையிடம் இதைக் கொண்டுபோனால் இன்னொரு வகுப்பாகத்தான் முடியும்.

மூன்றாவது வழி, பெற்றோரே கற்றுக்கொண்டு செய்வது. இதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1960களில் பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி என்ற அமெரிக்கத் தம்பதி ஒரு துணிச்சலான கேள்வியைக் கேட்டார்கள். தெரபிஸ்ட் செய்வதை ஏன் பெற்றோருக்கே கற்றுக்கொடுக்கக் கூடாது? அந்த நாளில், குழந்தையின் பிரச்சினைக்குப் பெற்றோரே காரணம் என்று சொல்லி அவர்களை வெளியே உட்காரவைப்பதுதான் வழக்கம். கெர்னிகள் அவர்களை உள்ளே அழைத்தார்கள். ஃபிலியல் தெரபி என்று பெயர் வந்தது. பிற்பாடு வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கேரி லாண்ட்ரெத்தும் சூ பிராட்டனும் இதைப் பத்து வாரப் பயிற்சியாகச் சுருக்கினார்கள். ஆறேழு பெற்றோர் வாரம் இரண்டு மணி நேரம் கூடுகிறார்கள். கற்றதை வீட்டில் வாரத்துக்கு அரை மணி நேரம் ஒரு குழந்தையோடு செய்து, வீடியோ எடுத்து வந்து குழுவில் போட்டுப் பார்க்கிறார்கள்.

அந்த அரை மணி நேரம் எப்படி இருக்கும்? ஒரு பாய். அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒரு பெட்டி. அதில் சொப்பு சாமான், குடும்பப் பொம்மைகள், ஒரு பாப்பா பொம்மை, களிமண், கிரேயான், டாக்டர் செட், முதலையோ புலியோ ஒன்று. விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை, கோயில் திருவிழாக் கடையில் கிடைப்பதே போதும். போன் அடுத்த அறையில். தம்பியைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார்.

ஐந்து வயது மகள் பாப்பா பொம்மையை எடுத்துச் சொப்புப் பானைக்குள் திணித்து மூடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நம் வாயில் உடனே வருவது, "ஐயோ பாவம், பாப்பாக்கு மூச்சு முட்டும், வெளிய எடு." பயிற்சி பெற்ற அம்மா சொல்வது, "பாப்பாவ யாரும் பார்க்கக் கூடாதுன்னு மூடி வெச்சுட்ட."

"அது அழுதுட்டே இருக்கு."

"அழுதுட்டே இருந்தா எரிச்சலா வருது."

மகள் நிமிர்ந்து பார்ப்பாள். திட்டு விழவில்லை. உபதேசமும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சொப்புக் கரண்டியால் அம்மாவையே அடிக்கக் கை ஓங்குவாள். அங்கே வரம்பு வரும், மூன்று படியாக: "உனக்கு அம்மா மேல கோபம். ஆனா அம்மாவ அடிக்கக் கூடாது. அடிக்கணும்னா இந்தத் தலகாணிய அடிக்கலாம்." முதலில் உணர்வை ஏற்பது, அடுத்து வரம்பைச் சொல்வது, கடைசியாக மாற்று வழி காட்டுவது. குரல் உயராது. கோபப்படுவது தப்பில்லை, அடிப்பதுதான் தப்பு என்று குழந்தைக்கு உடம்பால் புரிவது இந்த மாதிரி இடத்தில்தான். பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைக் கடிக்காமல் "எனக்குப் பிடிக்கல" என்று சொல்ல வைப்பதும் இதே பாடம்.

இதற்கு நெருக்கமான இன்னொரு முறையும் உண்டு: பெற்றோர்-குழந்தை ஊடாட்ட சிகிச்சை, பி.சி.ஐ.டி. 1970களில் ஷீலா ஐபெர்க் உருவாக்கியது. இரண்டு முதல் ஏழு வயது வரை, அடம், அடித்தல், சொன்ன பேச்சு கேளாமை போன்றவற்றுக்கு. பெற்றோர் குழந்தையோடு விளையாடுவார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து தெரபிஸ்ட், பெற்றோரின் காதில் மாட்டிய கருவி வழியாக அந்தந்த நொடியிலேயே சொல்லிக்கொடுப்பார். முதல் கட்டத்தில் ஐந்து நிமிட விளையாட்டில் குறிப்பான பாராட்டு பத்து, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்வது பத்து, அது செய்வதை வர்ணிப்பது பத்து என்று வர வேண்டும். கேள்வி, கட்டளை, குறை எல்லாம் சேர்ந்து மூன்றுக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி கூடாது என்பது நம் வீடுகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தையோடு விளையாட உட்கார்ந்தால் நாம் பேசுவதே கேள்விதான். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு, எண்ணு. யானை எப்படிக் கத்தும்?" இரண்டே நிமிடத்தில் விளையாட்டு பரீட்சை ஆகிவிடுகிறது. பாராட்டும் அப்படித்தான். "குட் கேர்ள்" என்பதில் தகவல் இல்லை. "கேட்டவுடனே பந்தைத் தம்பிக்குக் குடுத்துட்டியே, சமத்து" என்பதில் எதற்குப் பாராட்டு என்பது தெரிகிறது. இரண்டாம் கட்டத்தில் கட்டளையைத் தெளிவாகச் சொல்வது, கேட்காவிட்டால் அடிக்காமல் எப்படி உறுதியாக நிற்பது என்று கற்றுத்தருகிறார்கள். அடம், ஆக்ரோஷம்தான் முதன்மைப் பிரச்சினை என்றால் இந்த முறைக்கு ஆய்வு ஆதாரம் மிக வலுவானது. நம் நாட்டில் இதை முழு வடிவில் தரும் இடங்கள் குறைவு. ஆனால் தினம் ஐந்து நிமிடம், கேள்வியும் கட்டளையும் இல்லாமல் குழந்தையின் பின்னால் போவது என்ற வீட்டுப் பாடத்தை இன்றே யாரும் தொடங்கலாம்.

ஆதாரம் என்ன சொல்கிறது? 2005-இல் பிராட்டனும் மற்ற மூவரும், 93 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பிளே தெரபியின் சராசரி விளைவளவு 0.80. அதாவது சிகிச்சை பெற்ற ஒரு சராசரிக் குழந்தை, பெறாத குழந்தைகள் நூறு பேரில் சுமார் 79 பேரைவிட நல்ல நிலையில் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால், தொழில்முறை தெரபிஸ்ட் செய்தபோது 0.72, பெற்றோர் செய்த ஃபிலியல் முறையில் 1.15. அமர்வுகளைப் பொறுத்தவரை 35 முதல் 40 வரை போனபோது பலன் உச்சத்தில் இருந்தது. 2015-இல் லின், பிராட்டன் இருவரும் குழந்தை வழிநடத்தும் முறையை மட்டும் எடுத்து, 52 ஆய்வுகளைப் பார்த்தபோது எண் 0.47 ஆக இறங்கியது. நடுத்தரமான பலன் என்று சொல்லலாம்.

இந்த எண்களை அப்படியே விழுங்க வேண்டாம். பல ஆய்வுகள் சிறியவை. ஃபிலியல் முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: பயிற்சி எடுத்த பெற்றோரே குழந்தையின் முன்னேற்றத்துக்கு மதிப்பெண் போடும்போது கொஞ்சம் தாராளமாகப் போடக்கூடும். ஆனாலும் திசை தெளிவாகத்தான் இருக்கிறது. பெற்றோரை உள்ளே கொண்டுவந்தால் பலன் குறையவில்லை.

நண்பர்கள் இல்லாத குழந்தை என்றால்? இங்கே குழு முறை நினைவுக்கு வரும். இரண்டு முதல் நான்கு பிள்ளைகள், ஒத்த வயது, ஒரு தெரபிஸ்ட். பொம்மை ஒன்று, ஆசைப்படுவது இருவர் என்ற நிலை தானாக வரும். அதைத் தீர்த்துவைக்காமல் "ரெண்டு பேருக்கும் அதே வண்டி வேணும்" என்று சொல்லிக் காத்திருப்பதுதான் தெரபிஸ்டின் வேலை. கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்கும், விட்டுக்கொடுக்கத் தெரியாத குழந்தைக்கும் நல்லது. உடன்பிறந்தவர் மேல் தீவிரமான வெறுப்பு இருக்கும் குழந்தையையோ, அண்மையில் பெரிய அதிர்ச்சிக்கு ஆளான குழந்தையையோ நேராகக் குழுவில் சேர்ப்பது சரியல்ல. தனி அமர்வு முதலில், குழு அப்புறம்.

குழுவில் குழந்தைகள் குணமாவதற்குத் தமிழர்கள் அறிந்த ஒரு நல்ல உதாரணம் மட்டக்களப்பில் இருக்கிறது. போர்க்காலத்தில், 1996-இல் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். நாம் பேசும் அறைக்குள் நடக்கும் தெரபி அல்ல அது. ஆனால் பெரியவர்கள் பிரிந்து நின்ற ஊரில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பயமில்லாமல் பார்க்கப் பழக, விளையாட்டு ஒரு வழியாக இருந்தது.

அதனால் தெருவில் விளையாடுவதும் சிகிச்சைதானே என்று கேட்பவர்களுக்குப் பாதி ஆமாம். பாண்டி, கல்லா மண்ணா, கண்ணாமூச்சி எல்லாம் முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றால் தாங்குவது, விதியைப் பற்றிச் சண்டைபோட்டுச் சமாதானமாவது என்று சமூகப் பாடங்களைத் தினமும் நடத்துகின்றன. அடுக்குமாடி வீட்டில் டியூஷனுக்கும் டிவிக்கும் நடுவில் வளரும் குழந்தைக்கு, தெரபி தேடும் முன் தினம் ஒரு மணி நேரம் மற்ற பிள்ளைகளோடு விளையாட விட்டுப் பார்க்கலாம். உள்ளே காயம் இருக்கும் குழந்தை அந்த விளையாட்டிலிருந்தும் ஒதுக்கப்படும், அல்லது தானே ஒதுங்கும். அப்போது தெரபி தேவை என்று புரிந்துகொள்ளலாம்.

என் முடிவு இதுதான். குழந்தைக்கு எட்டு வயதுக்குள், பிரச்சினை அடமோ பொறாமையோ ஒட்டாமையோ, வீட்டில் ஒருவராவது வாரம் அரை மணி நேரம் மனம் ஒன்றி உட்கார முடியும் என்றால், பெற்றோருக்குப் பயிற்சி தரும் இடத்தை முதலில் தேடுங்கள். அம்மாதான் வர வேண்டும் என்றில்லை. அப்பா வரலாம், வளர்க்கும் தாத்தாவோ பாட்டியோ வரலாம். குறிப்பிட்ட ஒரு பயம் என்றால் தெரபிஸ்ட் வழிநடத்தும் முறை. இழப்பு, பிரிவு, காரணம் புரியாத மௌனம் என்றால் தனி அமர்வு.

பெற்றோர் முறையைத் தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு, இதில் தயக்கம் கூடாது. பெற்றோரே கடும் மனச்சோர்வில் இருந்தால் முதலில் அவர்களுக்குச் சிகிச்சை. வீட்டில் அடி உதை நடந்தால், அடிப்பவரை விளையாட்டு நேரத்துக்கு உட்காரவைப்பது குழந்தைக்குக் கொடுமை. பாலியல் துன்புறுத்தல் சந்தேகம் இருந்தால், பொம்மையை வைத்து வீட்டிலேயே விசாரிக்க முயலவே கூடாது. 1098 குழந்தைகள் உதவி எண், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார், பிறகு அதிர்ச்சிக்கென்றே வடிவமைத்த சிகிச்சை, இவைதான் வழி.

யாரிடம் போவது? இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், எண்ணைக் கேட்டால் தர வேண்டும். பிளே தெரபிஸ்ட் என்ற பெயர்ப்பலகைக்கு அப்படி ஒரு தனிப் பதிவு இல்லை. சில நாள் ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் அந்தப் பலகையை மாட்டலாம். அதனால் அடிப்படைப் படிப்பு என்ன, விளையாட்டு சிகிச்சையில் எவ்வளவு காலப் பயிற்சி, மூத்தவர் யாராவது இவரது வேலையை மேற்பார்வையிடுகிறாரா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்று தனித் துறையே இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தனியாரிடம் சேர்ப்பதானால், ஒரு அமர்வின் கட்டணத்தை முதலில் 12-ஆல் பெருக்குங்கள், அது சுமார் மூன்று மாதச் செலவு. பிறகு, ஆய்வில் பலன் உச்சம் தொட்ட அளவான 35-ஆல் பெருக்குங்கள். இரண்டாவது தொகை கட்டுப்படியாகாது என்றால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தினால், ஒருவரை நம்பிப் பழகிய குழந்தைக்கு அது இன்னொரு பிரிவாகிவிடும். நல்ல தெரபிஸ்ட் அதற்கேற்பத் திட்டத்தை மாற்றுவார், பெற்றோர் பயிற்சியின் பங்கைக் கூட்டுவார். கடைசி அமர்வு எப்போது என்பதைச் சில வாரங்கள் முன்பே குழந்தையிடம் சொல்லி, எண்ணிக்கொண்டே வந்து விடைபெற வைப்பாரா என்றும் அந்தச் சந்திப்பிலேயே கேளுங்கள்.